மூடிய ஜன்னலும் நான்கு மணி நேரமும்

கொடிக்கம்பி:
மழை நாளில் துணி காயப் போடுவது பற்றி மின்விசிறிப் பிரியர் சில நாள் முன்பு எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "ஜன்னலை இறுக மூடிவிட்டு மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டால், எந்த மழையிலும் நான்கு மணி நேரத்தில் துணி காய்ந்துவிடும், வாடை வீசுகிறது என்று புலம்புகிறவர்கள் சோம்பேறிகள்" என்பது அவர் வாக்கு. அந்தச் சோம்பேறிகளுள் ஒருவனாகிய நான், அவர் சொன்னபடியே மூன்று நாள் செய்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலை, காய்ந்துவிட்டது என்று நம்பி அணிந்துகொண்ட கால்சட்டையின் பைக்குள் கையை விட்டால் உள்துணி சில்லென்று ஈரமாக இருந்தது. அலுவலக மின்தூக்கியில் என் பக்கத்தில் நின்றவர் ஒன்றும் சொல்லாமல் ஓர் எட்டு தள்ளி நின்றார். பிரியரிடம் என் கேள்வி ஒன்றே: நான்கு மணி நேரம் கழித்து, பையின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா?

மின்விசிறிப் பிரியர்:
ஐயா, ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல். பதினோரு ஆண்டுகளாக நான் இப்படித்தான் துணி காயவைக்கிறேன். வெளியே மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்தால் அந்த ஈரக்காற்று நேராக உள்ளே வரும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். மூடிய அறையில் மின்விசிறி ஓட ஓட அதன் இயந்திரம் சூடாகிறது, அந்தச் சூட்டில் துணி காய்கிறது. நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம்தான்.

கொடிக்கம்பி:
சூடா? அப்படியே வைத்துக்கொள்வோம். 75 வாட் மின்விசிறி நான்கு மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 300 வாட்-மணி, அதாவது 1,080 கிலோஜூல். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். மின்விசிறி தின்ற மின்சாரம் முழுவதும் துணிக்கே போனாலும் அரை லிட்டர்கூட உலராது. மின்விசிறியின் வேலை சூடேற்றுவதன்று. துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விலக்கி, அந்த இடத்திற்கு வேறு காற்றைக் கொண்டுவருவது. அந்த வேறு காற்று எங்கிருந்து வரும் என்பதுதான் ஜன்னலின் கதை.

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கிறது. 28 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று உச்ச அளவாகச் சுமார் 27 கிராம் நீராவியைத் தாங்கும். மழை நாளில் அந்தக் கொள்ளளவில் முக்கால் பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும் என்று கொண்டால், அறை முழுவதும் இன்னும் ஏற்கக்கூடியது கால் லிட்டர் நீர். இயந்திரத்தில் சுழற்றிப் பிழிந்து எடுத்த ஐந்து கிலோ துணியில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் தங்கியிருக்கும். கால் படியில் இரண்டு படியை எப்படி அளந்து ஊற்றினீர்கள் என்று சொன்னால் நானும் கற்றுக்கொள்வேன். பையின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

இரவுப்பணியாளர்:
இருவரும் "காய்ந்தது" என்று எதைச் சொல்கிறீர்கள்? புறங்கைக்குக் குளிர்ச்சி தட்டாத நிலையையா, மடித்து வைக்கலாம் என்ற நிலையையா, எடை பழைய எடைக்குத் திரும்பிய நிலையையா? அதை முடிவு செய்யாமல் மணிக்கணக்கு பேசுவதில் பொருளில்லை. மேலும் வாடைக்குக் காரணம் ஈரம் மட்டுமன்று. மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா துவைத்த துணியிலும் பிழைத்திருந்து, துணி மெதுவாக உலரும்போது பெருகி அந்த முடைநாற்றத்தை உண்டாக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் எழுதியிருக்கிறார்கள்.

மின்விசிறிப் பிரியர்:
காய்ந்தது என்றால் காய்ந்தது. இதற்கு அகராதி வேண்டுமா? கொடிக்கம்பி அவர்கள் கணக்குப் போட்டே துணி உலர்த்துகிறவர் போலும். சென்ற மாதம் பாத்திரம் கழுவுவது பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் லிட்டர் கணக்கை அள்ளி வீசிவிட்டு, எதிர்க்கேள்வி வந்ததும் காணாமல் போனார். அறைச் சுவரும் மெத்தையும் திரைச்சீலையும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை அவர் கணக்கில் ஏன் சேர்க்கவில்லை?

கொடிக்கம்பி:
சேர்க்கிறேன். சுவரும் மெத்தையும் இழுத்துக்கொண்ட ஈரத்திற்குத்தான் ஊரில் பூஞ்சை என்று பெயர். உங்கள் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி அதன் முதுகைப் பாருங்கள். அங்கே கறுப்புப் புள்ளிகள் இல்லாவிட்டால் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். சென்ற மாத விவாதத்தில் நான் காணாமல் போகவில்லை; என் வீட்டுக் குழாய் உடைந்திருந்தது.

செந்தமிழ்ச்சேவகன்:
விவாதம் சிறப்பு. ஆனால் தொடக்கத்திலிருந்து அனைவரும் "ஜன்னல்" என்றே எழுதி வருவது வருத்தமளிக்கிறது. அது போர்த்துக்கீசியச் சொல். சாளரம் என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்கும்போது கடன் எதற்கு?

மின்விசிறிப் பிரியர்:
சாளரத்தையும் மூடித்தான் வைக்க வேண்டும்.

இரு பிள்ளைகளின் தாய்:
நான்கு மணி நேரமா ஆறு மணி நேரமா என்று வழக்காடும் தம்பிமார் இருவரிடமும் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் துவைப்பது யார், உதறிக் கொடியில் போடுவது யார்? காலுறையை உருண்டையாகச் சுருட்டியபடியே கூடையில் எறிகிறவர்களுக்குக் காற்றோட்டம் பற்றிப் பேசும் தகுதி எப்படி வந்தது? நேற்று பள்ளிச் சீருடை காயாததால், விடியற்காலை ஐந்து மணிக்கு அதன் கழுத்துப்பட்டையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டு நின்றவள் நான். ஆவி முகத்தில் அடிக்கும்போது எவரும் சூத்திரம் சொல்ல வரவில்லை.

மின்விசிறிப் பிரியர்:
அம்மா, எங்கள் வீட்டில் துவைப்பதும் உலர்த்துவதும் நானே. வீட்டிலிருந்து பணியாற்றுகிறேன், காணொளிக் கூட்டம் நடக்கும்போது பின்னால் துணி தொங்குகிறது என்று மேலாளர் ஒருமுறை சொன்னதிலிருந்து படுக்கையறையை மூடிக்கொண்டு அங்கேதான் காயவைக்கிறேன்.

கொடிக்கம்பி:
ஆக, ஜன்னலை மூடியதற்குக் காரணம் அறிவியலன்று, மேலாளர்! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காதே. அம்மாவுக்குப் பணிவுடன் ஒன்று: எங்கள் வீட்டில் கொடியில் போடுவது நான்தான், காலுறையை விரித்துத்தான் போடுகிறேன்.

வெளியே மழை என்பதால் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்ற வாதத்திற்கு வருகிறேன். வெளியே 24 பாகையில், நீராவி முழுவதும் நிரம்பிய காற்று என்றே கொள்ளுங்கள். அதில் கன மீட்டருக்கு 22 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 28 பாகைக்கு ஏறும்போது அதன் கொள்ளளவு 27 கிராம் ஆகிவிடுகிறது. இன்னும் ஐந்து கிராம் ஏற்க இடம் இருக்கிறது. அந்தக் காற்று துணியைத் தடவி வெளியேற, அடுத்த காற்று வரவேண்டும். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து வைத்தால் போதும். மூடிய அறைக்குள் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவது குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது போன்றது.

மின்விசிறிப் பிரியர்:
உள்ளேயும் வெளியேயும் ஒரே வெப்பமாக இருந்தால் உங்கள் ஐந்து கிராம் எங்கே போகும்?

கொடிக்கம்பி:
ஆள் குடியிருக்கும் வீட்டின் உட்புறம் மழை நேரத்தில் வெளியைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். நீங்கள் கேள்வியை மாற்றுகிறீர்கள்.

மின்விசிறிப் பிரியர்:
விடையை மாற்றுகிறவர் தாங்கள். முதலில் சூடு இல்லை என்றீர்கள், இப்போது வெதுவெதுப்பு என்கிறீர்கள்.

இரவுப்பணியாளர்:
இருவரும் ஒரே அளவுத் துண்டை எடுத்து, துவைக்கும் முன்பும் நான்கு மணி நேரம் உலர்த்திய பின்பும் எடை போட்டுப் பார்த்தால் இது ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று சொல்லத்தான் மீண்டும் வந்தேன்.

மின்விசிறிப் பிரியர்:
என் கையே தராசு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் எடை காட்டி என்ன பயன்?

கொடிக்கம்பி:
முயலைப் பிடித்தவர் நீங்கள்; நான் அதன் காலை எண்ணச் சொல்கிறவன். துண்டு மெல்லியது, அதை விடுங்கள். கால்சட்டையின் இடுப்புப்பட்டை, பையின் அடித்தையல், சட்டைக் கையின் மடிப்பு, இவைதான் கடைசியில் காயும் இடங்கள். இதோடு மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: பையின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா?

மின்விசிறிப் பிரியர்:
நான் பை இல்லாத கால்சட்டைதான் அணிவேன்.

கொடிக்கம்பி:
பதினோரு ஆண்டுகளாகவா?