ஜாமீன் கையெழுத்து: தொழில் நொடித்தால் வங்கி முதலில் யாரிடம் போக வேண்டும்?

தறிமேடை:
என் தங்கை மாப்பிள்ளை திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) நடத்தினார். 2018ல் 15 லட்சம் கேஷ் கிரெடிட் (லிமிட் வரை வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) வாங்கினார். ஜாமீன் நான்தான், வீட்டுப் பத்திரமும் என்னுடையதுதான். அன்றைக்கு மேனேஜர் மேசையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. "சும்மா ஃபார்மாலிட்டிதாங்க" என்றார், போட்டேன். மூன்று வருஷம் கழித்து லிமிட்டை 25 லட்சம் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது கணக்கு வாராக்கடன். 60 நாளில் 27 லட்சம் கட்டச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவருடைய ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் இன்னும் ஷெட்டில் துணி போர்த்தி நிற்கின்றன. அதை விற்காமல் என் வீட்டுக்கு வருவது என்ன நியாயம்?

முப்பது வருட வங்கிக்காரன்:
உங்கள் நிலைமை வருத்தமாக இருக்கிறது. ஆனால் சட்டம் இதில் தெளிவு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு. "முதலில் அவரிடம் வசூல் செய், அப்புறம் என்னிடம் வா" என்று கேட்க முடியாது. பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் 1968லேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. கடனாளியை ஓட்டி ஓய்ந்த பிறகுதான் ஜாமீன் என்றால் அந்த ஜாமீனால் என்ன பயன்? மெஷினை நம்பிக் கடன் கொடுப்பதில்லை ஐயா. என் கிளையில் ஒருவர் ஒரே ராத்திரியில் பதினொரு மெஷினை லாரியில் ஏற்றிவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால் தரையில் போல்ட் ஓட்டைகள்தான் மிச்சம். அந்தப் பணம் டெபாசிட் போட்டவர்களுடையது.

நூல்கண்டு:
டெபாசிட்காரர் பணம் என்றால், அதைக் காப்பதில் மேனேஜருக்குப் பங்கே இல்லையா? ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு இருப்புக் கணக்கு) மாதாமாதம் வாங்குகிறீர்கள். ஷெட்டுக்கு எத்தனை தடவை நேரில் போனீர்கள்? மெஷின் காணாமல் போகும் அளவுக்கு விட்டுவிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு இருப்பவனைப் பிடிப்பது வசதி, அவ்வளவுதான். பிரிவு 141 என்ன சொல்கிறது? பிணையாக இருந்த பொருளை வங்கி இழந்தால், அதன் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரருக்கு விடுதலை.

முப்பது வருட வங்கிக்காரன்:
அது வங்கி பூட்டுப் போட்டு வைத்த அடகுச் சரக்குக்கு நன்றாகப் பொருந்தும். ஹைப்போதிகேஷனில், அதாவது பொருளைக் கடனாளியிடமே விட்டுப் பிணையாக எழுதிக்கொள்வதில், மெஷின் கடைசிவரை ஓனர் கையில்தான். தன் கையில் இல்லாததை வங்கி எப்படி "இழக்கும்"? இந்தக் காரணத்தைச் சொல்லி ஜாமீன்தாரர் கோரிக்கையை நீதிமன்றம் தள்ளியதும் உண்டு.

வாய்தா:
வழக்கறிஞனாகச் சொல்கிறேன், மெஷினை விடுங்கள். உங்கள் பிடி லிமிட்டை உயர்த்தியதில் இருக்கிறது. பிரிவு 133படி ஜாமீன்தாரர் சம்மதமில்லாமல் ஒப்பந்தத்தை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய வரவு செலவுக்கு அவர் பொறுப்பில்லை. குஜராத்தின் பாக்யலட்சுமி கூட்டுறவு வங்கி வழக்கைப் பாருங்கள். 4 லட்சம் கேஷ் கிரெடிட்டுக்கு ஜாமீன் நின்றார்கள், கடனாளி அதற்கு மேல் எடுத்தார். அந்த மிகுதிக்கு ஜாமீன்தாரர்கள் பொறுப்பில்லை, சாங்ஷன் ஆன அளவுக்குப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அதன் பிறகும் வீட்டை எடுக்க வந்தால், 45 நாளுக்குள் கோவை கடன் மீட்புத் தீர்ப்பாயம்.

முப்பது வருட வங்கிக்காரன்:
அந்த ஃபார்மை முழுசாகப் படித்துவிட்டு நம்பிக்கை கொடுங்கள். "லிமிட்டை மாற்றினாலும் என் சம்மதம் தேவையில்லை" என்ற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் 133 பலவீனமாகிவிடும். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் வேலையில் இருந்தவரை, ஜாமீன்தாரரைக் கூப்பிட்டுப் புதுக் கையெழுத்து வாங்காமல் லிமிட்டைக் கூட்டியதில்லை. இங்கே அது நடக்கவில்லை என்றால் வங்கி செய்தது தப்பு.

நூல்கண்டு:
அந்த வரியைத்தான் பென்சில் குறிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள்! தமிழில் படித்துக் காட்டாத தாளை எப்படிச் சம்மதம் என்று சொல்வது? மூன்றாம் ஆள் ஜாமீனே இல்லாமல் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்க 2000த்திலிருந்தே சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதை அந்த மேனேஜர் ஏன் சொல்லவில்லை?

முப்பது வருட வங்கிக்காரன்:
சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுப் பத்திரத்தோடு மச்சான் வந்து நின்றால் எந்த மேனேஜரும் அதைத்தான் எடுப்பார். கையெழுத்துப் போட்டவருக்கும் படிக்கும் கடமை உண்டு என்பதை நான் விடமாட்டேன்.

தறிமேடை:
படிக்காமல் போட்டது என் தப்பு, அதை மறைக்கவில்லை. 15 லட்சத்துக்கு நான் ஓடி ஒளியப் போவதுமில்லை. தெரியாமல் ஏறிய பத்து லட்சத்துக்குத்தான் என் கேள்வி.

வாய்தா:
கட்டினால் ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். முழுசாகக் கட்டினால் பிரிவு 140படி வங்கியின் உரிமை உங்களுக்கு வரும். மாப்பிள்ளை மீது நீங்களே வசூல் வழக்குப் போடலாம், அந்த மெஷின்கள் மீதும் உரிமை கேட்கலாம்.

தறிமேடை:
ஜாமீன் பத்திர நகல் கேட்டு நாளைக்கு வங்கியில் எழுதிக் கொடுக்கிறேன். மெஷின்களை நாமே விற்றுக் கட்டலாமா என்று கேட்க மாப்பிள்ளைக்கு இப்போதுதான் போன் போட்டேன். தங்கைதான் எடுத்தாள். "அண்ணா, வீடு போயிருமா?" என்றாள். விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். காலையில் நேரில் போகிறேன்.