கீபோர்டில் உள்ள ஸ்டைலை வைத்துப் பதிந்த பாடலை வெளியிடலாமா?

கேள்வி:
வணக்கம். நானே எழுதி மெட்டமைத்த ஆறு முருகன் பாடல்களை யமஹா பி.எஸ்.ஆர். வகைக் கீபோர்டில் வாசித்துப் பதிந்துள்ளேன். மெட்டும் கார்டும் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) என்னுடையவை. தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் கருவியில் உள்ள ஸ்டைல் (கார்டைப் பிடித்தால் தானே ஒலிக்கும் பின்னணி இசை) தருபவை. இவற்றை யூடியூபில் ஏற்றி வருமானம் பெற, நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டியதில்லை. யமஹாவின் பயனர் கையேட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. அந்தப் பத்தியைப் படிப்பவர்தான் குறைவு. ஸ்டைல், மிடி (இசைக் குறிப்புக் கோப்பு), வேவ் (ஒலிக் கோப்பு) தரவுகளின் பதிப்புரிமை யமஹாவிடமோ அதற்கு உரிமம் அளித்தவரிடமோ இருப்பதால், அவற்றைக் கருவியில் உள்ளபடியே, அல்லது ஏறத்தாழ அதே வடிவில் பதிந்து பிறருக்கு வழங்கக் கூடாது என்றும், அவற்றைக் கொண்டு நாம் வாசித்த அல்லது இசையமைத்த பதிவை வழங்க அனுமதி தேவையில்லை என்றும் அதில் உள்ளது. ஆகவே உங்கள் பாடல்களுக்குத் தடையில்லை. ஆனால் ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டைலின் முதன்மைப் பகுதிகளில் ஒன்றான மெயின் ஏ-வை மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதை 'ரிதம் டிராக்' என்று விற்றால் அது தடைக்குள் வரும். ஸ்டைல் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுப்பதும் அப்படியே. பிற நிறுவனக் கருவியாக இருந்தால் அதன் கையேட்டைத் தனியாகப் பாருங்கள்.

இது புதிய பழக்கமும் அன்று. கேசியோ 1981இல் வெளியிட்ட எம்டி-40 கருவியின் 'ராக்' ரிதத்தின் மீதுதான் ஜமைக்காவில் 1985இல் வேய்ன் ஸ்மித்தின் புகழ்பெற்ற ரெகே பாடல் ஒன்று எழுந்தது.

மறுமொழி 2:
அனுமதி இருந்தும் தொல்லை வரலாம். என் பாடலின் முதல் பன்னிரண்டு நொடிகளில் ஸ்டைலின் இன்ட்ரோ (தொடக்க இசை) மட்டுமே ஒலித்தது. அதே இன்ட்ரோவைப் பயன்படுத்திய வேறொருவர் தம் பாடலை, ஒத்த ஒலியைத் தானே கண்டறியும் யூடியூபின் தானியங்கி அடையாள முறையில் பதிந்திருந்ததால், உரிமைக் கோரல் என் மீது வந்தது. கையேட்டுப் பக்கத்தைக் காட்டி முறையிட்ட பிறகே அது நீங்கியது. எல்லோர் கருவியிலும் இருக்கும் ஒலிக்குத் தனியுரிமை கோர முடியாது. நீங்களும் அப்படிப் பதிய வேண்டாம். இன்ட்ரோ பொத்தானைத் தவிர்த்து, தொடக்கத்தை உங்கள் கையால் வாசியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இரண்டு பாடல்களுக்குக் கடையில் வாங்கிய ஸ்டைல்களைப் பயன்படுத்தினேன். அவை பழைய திரைப்பாடல்களின் முன்னிசையை அப்படியே ஒத்திருக்கின்றன. அவற்றுக்கும் இது பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தாது. கையேட்டு அனுமதி கருவியோடு வந்தவற்றுக்கு மட்டுமே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இசைப் படைப்பை ஒலிப்பதிவிலிருந்து பிரித்தே பார்க்கிறது. எனவே அந்த முன்னிசையை யார் எந்தக் கருவியில் மீண்டும் வாசித்தாலும், படைப்பின் உரிமை அதன் உரிமையாளரிடமே இருக்கும். விற்ற கடைக்காரர் அதை உங்களுக்குத் தந்திருக்க முடியாது. அந்த இரண்டை மட்டும் கருவியின் சொந்த ஸ்டைலில் மறுபடி பதிந்துவிடுங்கள்.