ஒயின் சுவைத்தாளில் ‘ஃபினிஷ்’: பின்சுவையா, நில்சுவையா?

லாஸ்பேட்டை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் உணவக மேலாண்மை படிக்கும் தமிழ்வழி மாணவர்களுக்காக, ஒயினைச் சுவைத்து மதிப்பெழுதும் பயிற்சித்தாள் ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நிறம், தெளிவு, மணம், இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. துப்பும் பாத்திரத்துக்குப் ‘படிக்கம்’ இருக்கவே இருக்கிறது. இடிக்கிற கட்டம் ஒன்றுதான்: ‘ஃபினிஷ்’. விழுங்கியபின் அல்லது துப்பியபின் ஒயினின் சுவையும் மணமும் வாயில் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்பது. தரம் சொல்லும்போது விமர்சகர்கள் இதற்குத் தனி எடை கொடுக்கிறார்கள். இப்போதைக்குப் ‘பின்சுவை’ என்று போட்டிருக்கிறேன். போதுமா?

மஞ்சக்குப்பம்:

போதாது அம்மா. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கிறதே, அதுதான் பின்சுவை. பின்னால் என்ன வருகிறது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லவில்லை. நேரத்தை அளக்க நம் இலக்கணத்தில் ஏற்பாடு உண்டு. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்கிறது தொல்காப்பியம். ஓசை நீண்டால் அளபெடை, சுவை நீண்டால் சுவையளபெடை. சீக்கிரம் மறைவது குறுஞ்சுவை, நிற்பது நெடுஞ்சுவை. பிரெஞ்சுக்காரர்கள் இந்த நீளத்தைக் ‘கோதலி’ என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு கோதலி ஒரு விநாடி. வால் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு நாம் ‘மாத்திரை’ வைக்கலாம்.

அரியாங்குப்பம்:

ஐயா, ‘இந்த ஒயின் எட்டு மாத்திரை’ என்று எழுதினால் பையன் மருந்துக்கடைக்குப் போவான். நீங்கள் சொன்ன நூற்பாவிலேயே ‘நொடி’ இருக்கிறது, அதுவே இன்றைக்கு விநாடியும் கூட.

சொல்லைவிடப் பெரிய சிக்கல், மாணவர் எதை எண்ணுகிறார் என்பது. சுவைப்புக்கென்றே உள்ள ஐ.எஸ்.ஓ. 3591 கிண்ணம் ஏறத்தாழ 215 மி.லி. கொள்ளும். அதில் 50 மி.லி.தான் ஊற்றவேண்டும், மேலே உள்ள வெற்றிடம் மணம் தங்குவதற்கு. சுழற்றி முகர்ந்து, சிறு மிடறு வாயில் எடுத்து, உதட்டிடுக்கால் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, வாய் முழுவதும் உருட்டி, படிக்கத்தில் துப்பி, அந்தக் கணத்திலிருந்து எண்ணவேண்டும். எண்ணவேண்டியது பழம், பூ, மசாலா போன்ற நல்ல மணச்சுவை மறையும் வரை மட்டும். பல்லோரத்தில் துவர்ப்பு இன்னும் இழுக்கிறது, நெஞ்சில் ஆல்கஹால் எரிகிறது, நாக்கோரம் புளிக்கிறது என்று எண்ணிக்கொண்டே போனால் எல்லாச் சிவப்பு ஒயினும் ‘நெடிது’ ஆகிவிடும். ஆகவே சொல்லே ‘எதை எண்ணு’ என்று காட்டவேண்டும். ‘அளபெடை’ காட்டவில்லை.

நெல்லித்தோப்பு:

இன்னொன்று. செய்யுளில் ஓசை குறைந்த இடத்தை நிரப்பத்தான் அளபெடை வருகிறது. நல்ல ஒயினின் நீட்சி எந்தக் குறையை நிரப்புகிறது?

மஞ்சக்குப்பம்:

அது இசைநிறை அளபெடை, தம்பி. ஓசை குறையாதபோதும் இனிமைக்காகவே வருவது இன்னிசை அளபெடை. நான் சொன்னது அதைத்தான்.

திருப்பாதிரிப்புலியூர்:

அடிப்படையே தவறு. ‘ஒயின்’ எதற்கு? பிராந்தி விற்கும் கடைக்கு ‘ஒயின்ஷாப்’ என்று பெயர் வைத்த ஊர்க்காரர்கள் நாம், அந்தச் சொல்லின் மதிப்பு அவ்வளவுதான். புறநானூறு 56-இல் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ வருகிறது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த இருகைப்பிடிச் சாடித் துண்டுகள் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்தவை. ஒயின் இறங்கிய துறையிலேயே உட்கார்ந்துகொண்டு ‘ஒயின்’ என்று எழுதுவதா? தேறு, தேறல்: தெளிந்தது. தேற்று: தெளியவை. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரசினால் மண் படிகிறது. ஒயினில் முட்டை வெள்ளைக்கருவோ பெண்டோனைட் களிமண்ணோ சேர்த்துக் கலங்கலைப் படியவைக்கிறார்களே, அந்த வேலைக்குப் பெயர் ‘தேற்றல்’. ஒரே வேரில் இரண்டு கலைச்சொல்.

அரியாங்குப்பம்:

‘தேற்றல்’ அருமை, எடுத்துக்கொள்கிறேன். ‘தேறல்’ ஆகாது. வேண்டுமென்றே வடிகட்டாமல், தேற்றாமல், கலங்கலாகவே புட்டியில் அடைக்கும் ஒயின்கள் இன்று உண்டு. தேறாத தேறல் என்று எழுதுவீர்களா? தெளிந்த கள்ளும் தேறல்தானே, திராட்சை எங்கே?

லாஸ்பேட்டை ஆசிரியை:

தாளின் தலைப்பு ஏற்கெனவே ‘ஒயின்’ என்று வடிவமைத்தாயிற்று. தயவுசெய்து ஃபினிஷுக்கு வருவோம். ‘ஈற்றுச்சுவை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். ஆனால் துவர்ப்பை உணரும் இடங்களில் பல் ஈறும் ஒன்று. மாணவர்கள் ஈறைத் தொட்டுப் பார்த்து எழுதுவார்கள்.

முத்தியால்பேட்டை:

எல்லாரும் ‘சுவை’யிலேயே நிற்கிறீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள்: புளிப்பும் துவர்ப்பும் இனிப்பும்தான் தெரியும். மூக்கை விட்டதும் பழமும் பூவும் வந்துவிடும். வாயிலிருந்து தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை அடையும் மணம் அது. துவர்ப்பு சுவையே அல்ல என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. டேனின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எச்சிலின் புரதங்களோடு கட்டிக்கொள்வதால் வழவழப்பு போய் உண்டாகும் உலர்ந்த தொடுவுணர்வு. அறுசுவைக்காரர்கள் கோபிக்கலாம். ஆக, எண்ணவேண்டியது பெரும்பாலும் மணம். ‘தண்கமழ்’ என்று புலவர் சரியாகத்தான் சொன்னார். என் முன்மொழிவு: ‘பின்கமழ்வு’.

அரியாங்குப்பம்:

அக்கா, அறிவியல் சரி. ஆனால் ‘கமழ்வு’ என்றதும் மாணவர் கிண்ணத்தை மூக்கில் வைப்பார். முகர்வது முதல் கட்டம், இது கடைசிக் கட்டம். அதோடு, நல்ல சொல் கிடைத்தாலும் சூழல் கெட்டால் எண்ணிக்கை பொய். பிரெஞ்சு நூல்களில் சிவப்பை ‘அறை வெப்பத்தில்’ கொடு என்று இருக்கும். அது 16–18 டிகிரி, நம் மே மாதத்து அறை அல்ல. சூடான சிவப்பில் ஆல்கஹால் முன்னே வந்து எரிந்து மணச்சுவையை மூடிவிடும். அளவுக்கு மேல் குளிர்ந்தால் மணம் எழாது, நீட்சி குறைவு போலத் தோன்றும், துவர்ப்பு மட்டும் முரடாகும். வெள்ளைக்கு 8–12 டிகிரி போதும். துவர்ப்பு மிடறுக்கு மிடறு சேர்ந்துகொண்டே போவதால் சிவப்புகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, தண்ணீரும் உப்பில்லா ரொட்டியும் கொடுங்கள். வகுப்பில் மல்லிகைப்பூ, ஊதுபத்தி, பினாயில் கூடாது.

நெல்லித்தோப்பு:

காப்பி குடிப்பவர்கள் ‘நாக்குல நிக்குது’ என்கிறார்கள். மக்கள் ஏற்கெனவே சொல் கொடுத்துவிட்டார்கள். ‘நில்சுவை’. வினைத்தொகை, ‘கொல்களிறு’ போலப் புணர்ச்சியில் மாறாது. ‘நிற்சுவை’ என்று திருத்தக் கிளம்பவேண்டாம். மூக்கும் நாக்கும் சேர்ந்த உணர்வைத்தான் பேச்சில் ‘சுவை’ என்கிறோம், முத்தியால்பேட்டை அக்கா பொறுத்துக்கொள்ளவேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:

‘நில் சுவை’ என்று பிரித்தால் ஏவல். சுவையை நிற்கச் சொல்கிறதா, நிறுத்தச் சொல்கிறதா? ‘தங்குசுவை’யில் அந்தத் தொல்லை இல்லை.

முத்தியால்பேட்டை:

நிற்பதெல்லாம் நல்லதும் அல்ல. புட்டித் தக்கையில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் பிடித்த ஒயினில் ஈர அட்டை வாடை துப்பியபிறகும் போகாது. அதை நெடிய நில்சுவை என்று பாராட்டி எழுதுவார்களா? நீளம் ஒரு கட்டம், தன்மை இன்னொரு கட்டம் என்று பிரியுங்கள்.

லாஸ்பேட்டை ஆசிரியை:

பிரித்துவிட்டேன். ‘நில்சுவை – நீளம் (நொடியில்)’, ‘நில்சுவை – தன்மை’. கீழே சிறிய எழுத்தில்: ‘துவர்ப்பு, புளிப்பு, எரிச்சல் ஆகியவற்றை எண்ணவேண்டாம். குற்றவாடை நின்றால் நீளத்தை எழுதாமல் குற்றத்தை எழுதவும்.’ வந்த பதில்களில் நான்கு நில்சுவைக்கு, இரண்டு தங்குசுவைக்கு, ஒன்று சுவையளபெடைக்கு. தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது.

மஞ்சக்குப்பம்:

என் ஒரு வாக்கு நின்றபடியே இருக்கட்டும். ‘நில்சுவை’க்குக் குறில் நெடில் இல்லை. ‘குறு நில்சுவை’, ‘நெடு நில்சுவை’ என்று மதிப்பெழுத்தில் எழுதிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். குறுஞ்சுவை, நெடுஞ்சுவை இரண்டையும் விமர்சகர்கள் பயன்படுத்தட்டும். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.

திருப்பாதிரிப்புலியூர்:

தலைப்பில் ‘ஒயின்’ இருக்கும்வரை நானும்.