புதுப்பிப்பு: சிலாவிதா தால்மூத், ஆண்டு கிடைத்தது, கையெழுத்து கைவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. புரூக்ளினில் நான் வேலை பார்க்கும் பழைய புத்தகக் கடைக்கு வந்த எபிரேய எழுத்தில் அச்சான தால்மூத் (யூதர்களின் மதச் சட்ட விளக்க நூல்) பாகம் ஒன்றைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன்: எந்த ஆண்டு அச்சானது, ஹசிதிய ரெப்பே (யூத பக்தி இயக்கத்தின் குரு) ஒருவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தது என்று விற்றவர் சொன்னது நிஜமா?

"தலைப்புப் பக்கத்தில் பெரிதாக இருக்கும் எழுத்துகளை மட்டும் கூட்டுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு; அச்சான ஆண்டை அந்த எழுத்துகளாலேயே குறிப்பார்கள். நான் எல்லாவற்றையும் கூட்டி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் 581 வந்தது. இது யூத ஆண்டு 5581; ஐயாயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம் என்பதால், 581 உடன் 1240 சேர்த்தால் நம் கணக்கில் 1821. கோரெட்ஸ் பின்ஹாஸ் ரெப்பேயின் மகன் மோஷே ஷபிரா இன்றைய உக்ரைனில் உள்ள சிலாவிதா ஊரில் தொடங்கிய, இந்தப் புத்தகத்தை அச்சிட்ட அச்சகம் 1836 வரை நடந்தது. சரி, பொருந்துகிறது.

எதிர்பாராதது அந்த ரெப்பேயுடையது என்று சொல்லப்பட்ட கையெழுத்து. லென்ஸில் பார்த்தால், பூச்சி அரித்த துளையின் விளிம்புக்குள் மை இறங்கியிருக்கிறது. அதாவது பூச்சி தின்ற பிறகு எழுதியது. முன்பே எழுதியிருந்தால் துளை எழுத்தை அறுத்திருக்கும். விற்றவர் சொன்ன ரெப்பேயோ, புத்தகம் அச்சாகி நாலு வருடத்தில் காலமானவர். அதற்குள் பூச்சி இவ்வளவு தின்றிருக்குமா? விலைச்சீட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டோம்.