பழைய புகைப்படக் கண்ணாடித் தட்டில் செஞ்சிலுவை கறுப்பாகத் தெரிகிறது. தட்டு கெட்டுவிட்டதா?

கேள்வி:

முதல் உலகப் போரின்போது பிரான்சின் வோஜ் மலைகளில் எடுத்தவை என்று சொல்லி விற்ற கண்ணாடித் தட்டுகள் சில கிடைத்தன. 45×107 மி.மீ. அளவில், முப்பரிமாணமாகப் பார்ப்பதற்கான இரட்டைப் படங்கள். ஒன்றில் நாய்கள் பனியில் சறுக்கு வண்டி இழுக்கின்றன. வண்டியில் போர்வை சுற்றிய ஒருவர் படுத்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவரின் கைப்பட்டையில் சிலுவை கன்னங்கரேலென்று இருக்கிறது. பின்னால் மலையே இல்லை, வெறும் வெள்ளை. ஸ்கேன் செய்தால் பனி சாம்பலாகிவிடுகிறது. சிலுவைக்குச் சிவப்பு பூசி, வானத்தையும் சரிசெய்து தருகிறேன் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில் 1:

தயவுசெய்து வேண்டாம். தட்டு நன்றாகவே இருக்கிறது. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய தட்டுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது; அதனால்தான் அவற்றைச் சிவப்பு விளக்கடியில் கழுவினார்கள். சிவப்புச் சிலுவை கறுப்பாக விழுவது இயல்பு. நீல ஒளியோ அளவுக்கு மீறிப் பதியும். வானம் வெளுத்து, பனிமூடிய சிகரம் அதோடு கலந்து மறைந்துவிடும். சிவப்பு அக்காலத் தட்டில் எப்படிப் பதிந்தது என்பதற்கு இந்தக் கறுப்பே சான்று. அதன்மேல் வண்ணம் பூசினால் சான்று போய்விடும்.

பதில் 2:

பனி சாம்பலாவது ஸ்கேனரின் தானியங்கி அளவீட்டால். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அதை நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்துவிடும். தானியங்கியை அணைத்து, 16 பிட்டில், ஒளி ஊடுருவும் முறையில் ஸ்கேன் செய்யுங்கள். அந்த வசதி இல்லையென்றால் டேப்லெட்டின் வெள்ளைத் திரைக்கு மேல் சில சென்டிமீட்டர் உயரத்தில் தட்டை நிறுத்தி, கேமராவில் ஒளி அளவை ஒன்று, ஒன்றரைப் படி கூட்டி எடுங்கள். திரையோடு ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகளும் படத்தில் விழும். பளபளப்பான பக்கத்தை மட்டும் துடையுங்கள். மங்கலான பக்கத்தில் படம் பதிந்த ஜெலட்டின் படலம் இருக்கிறது. ஈரம் பட்டால் உரிந்துவிடும். ஓரங்களில் நீலமாக மின்னினால் அது படலத்திலுள்ள வெள்ளி மேலேறியது, அழுக்கல்ல.

பதில் 3:

அந்த நாய்களைப் பற்றிச் சொல்ல ஆசையாக இருக்கிறது. வோஜ் பனியில் கோவேறு கழுதைகள் புதைந்து திணறியதால் அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் 400-க்கும் மேற்பட்ட வண்டி நாய்களைப் பிரெஞ்சு இராணுவம் தருவித்தது. அவை வந்து சேர்ந்தது 1915 இறுதியில். மேலே குண்டுகள் ஏற்றிச் சென்று, கீழே காயமடைந்தவர்களைக் கொண்டுவந்தன. ஆனால் ஆல்ப்ஸ் போர்முனையில் இத்தாலியர்களும் நாய்களைப் பயன்படுத்தினார்கள். விற்றவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். தலையில் என்ன அணிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இறகு செருகிய தொப்பி என்றால் இத்தாலிய மலைப்படை.

கேட்டவர்:

இறகு இல்லை. விளிம்பும் உச்சியில் முகடும் உள்ள இரும்புத் தொப்பி. முன்புறம் ஒரு சின்னம் இருக்கிறது; பெரிதாக்கினால் பாம்பு சுற்றிய கோல் போலத் தெரிகிறது.

பதில் 3:

அருமை! அது பிரெஞ்சு இராணுவ மருத்துவப் பிரிவின் சின்னம். அந்தத் தொப்பி 1915 இலையுதிர்காலத்தில்தான் பரவலாகப் படையினருக்குக் கிடைத்தது. நாய்களையும் சேர்த்துப் பார்த்தால், 1915-16 குளிர்காலமோ அதற்குப் பின்னரோதான். தட்டின் உறையில் அப்படியே குறியுங்கள். இடப்பெயர் உறுதியாகும்வரை ‘வோஜ்’ பக்கத்தில் கேள்விக்குறி இருக்கட்டும். நண்பர் வண்ணம் பூச விரும்பினால், தொடாத ஸ்கேனைத் தனியே சேமித்துவிட்டுப் பிரதியில் மட்டும் செய்யட்டும்.