பள்ளிப் பிள்ளைகளின் மனநலத் தடுப்புப் பணிக்கு அரசு நிதி: மனுவில் என்ன கேட்பது?

கடலோரவாசி (கிள்ளியூர் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்):
9 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் முற்றும் முன்பே கைகொடுக்கும் சேவை வேண்டும் என்று எங்கள் ஊர் மன்றம் மனு கொடுக்கப் போகிறது. சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வருமுன் காக்க யாரிடம், என்ன கேட்பது? எம்.எல்.ஏ. நிதியில் கிடைக்குமா? கிராம சபைத் தீர்மானம் போதுமா?

தக்கலை வாசகர்:
தொகுதி நிதியை நம்பி இறங்காதீங்க. அது கட்டடம், கருவி போன்றவற்றுக்கு. மாதச் சம்பளத்துக்கு உதவாது. அறை வரும், உட்கார ஆள் வராது. நீங்கள் பார்க்க வேண்டியது மாவட்ட மனநலத் திட்டம். தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் பணம் வருகிறது.

மனுவுக்கு முன் தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாளில் பதில். கடந்த 3 நிதியாண்டுக்கு ஒதுக்கீடு, செலவு, அனுமதித்த பணியிடம், காலியிடம், திட்டப் பணியாளர்கள் பள்ளிகளுக்குப் போன நாட்கள் ஆகிய ஐந்தும் போதும். "ஏன் செய்யவில்லை" என்று எழுதினால் அது தகவலே அல்ல என்று திருப்பிவிடுவார்கள். செலவாகாத பணமோ காலியிடமோ பதிலில் தெரிந்தால் உங்கள் மனு பாதி வென்ற மாதிரி.

மார்த்தாண்டம் ஆலோசகர்:
"விழிப்புணர்வு முகாம்" என்று மட்டும் கேட்காதீங்க. ஒருநாள் பேச்சு, பேனர், போட்டோவோடு கோப்பு மூடிவிடும். சம்பளத்துடன் ஆலோசகர் பணியிடம் கேளுங்க. பீகார் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரே மாணவர் நலத் திட்டத்தை, பயிற்சி பெற்ற தனி ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும், சக மாணவரைச் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியரே கூடுதல் வேலையாக நடத்திய இடங்களில் பலன் இல்லை. "ஆசிரியர்களை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் நிச்சயம் வரும். அதற்கு மறுமொழி இதுதான்.

கணக்கும் சேர்த்துக் கொடுங்க. 9ஆம் வகுப்பில் 400 பேர் என்றால் 25 பேராக 16 குழு. குழுவுக்கு 6 அமர்வு, மொத்தம் 96. நாளுக்கு இரண்டு வைத்தால் 48 வேலைநாள். மற்ற நாட்கள் தனி ஆலோசனைக்கும் பெற்றோர் சந்திப்புக்கும். ஆக, ஒரு ஆலோசகர் இரண்டு பள்ளிகளைத் தாங்கலாம். பத்துப் பள்ளி கொடுத்தால் பஸ்ஸில்தான் இருப்பார்.

தோவாளைக்காரர்:
முதலில் உங்கள் ஊர் ஊராட்சியா பேரூராட்சியா என்று பாருங்க. நம்ம மாவட்டத்தில் பேரூராட்சிகள் ஏராளம்; அங்கே கிராம சபை கிடையாது, கவுன்சிலர் வழியாக மன்றத் தீர்மானம்தான். ஊராட்சி என்றால் அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 சபையில் வையுங்க. பட்ஜெட் வாசிப்பது பிப்ரவரி, மார்ச்சில் என்றாலும் துறைகளின் மதிப்பீடு அதற்கு முன்பே போய்விடும். தீர்மானம் மட்டும் பணம் தராது. அதன் நகலை இணைத்துத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து எண் வாங்குங்க. முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலருக்கும் நகல்.

மனுவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 29ஐக் குறிப்பிடுங்க; தடுப்புத் திட்டம் வகுத்து நடத்துவது அரசின் கடமை என்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது.

ஊரில் இறந்துபோன பிள்ளைகளின் பெயர், விதம் எதையும் மனுவிலோ வாட்ஸ்அப்பிலோ போடவே போடாதீங்க. அந்த வீட்டாரை அது நோகடிக்கும், தளர்ந்திருக்கிற இன்னொரு பிள்ளைக்கு ஆபத்தாகவும் முடியும். மனு நகலைப் பகிரும்போது அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ (டெலி மனஸ்) மேலேயே போடுங்க. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.