ஷூவைக் கழற்றியதால் பிழைத்தது யார்?

தாமிரபரணி:
விமான நிலையச் சோதனையில் இனி எல்லோரும் ஷூ கழற்ற வேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் அமெரிக்கா அறிவித்தது. எல்லோருக்கும் கட்டாயமாக்கி ஏறக்குறைய 19 ஆண்டுகள் கழித்து ஞானம் பிறந்திருக்கிறது. அங்கே ஒரு விமான நிலையத்தில் என் அம்மா மூட்டுவலியோடு குனிந்து, வாரை அவிழ்க்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் குப்பைத்தொட்டிக்குப் போனது தனிக்கதை. எல்லாம் 2001 செப்டம்பர் 11 விமானக் கடத்தல் தாக்குதலின் பெயரால். இந்த நாடகத்தால் பிழைத்தது யார்?

கணக்குப்பிள்ளை:
அம்மா பட்ட பாடு வருத்தம்தான். ஆனால் நாடகம் என்று ஒரே போடாகப் போடாதீர்கள். அதற்கு முன் அங்கே சோதனை செய்தவர்கள் யார்? விமான நிறுவனங்கள் குறைந்த செலவில் அமர்த்திய தனியார் நிறுவனங்களின் ஆட்கள். 4 அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை எடுத்துச் செல்லத் தடையே இல்லை. கடத்தல்காரர்கள் 19 பேரும் சோதனையைத் தாண்டித்தான் விமானம் ஏறினார்கள். கிட்டத்தட்ட 3,000 உயிர்கள் போயின. அந்த நவம்பரிலேயே சட்டம் இயற்றி, சோதனையை அரசு தன் கையில் எடுத்தது. 2023-இல் மட்டும் அங்கே பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பது குண்டு நிரப்பியவை. அவையும் உங்கள் பக்கத்து இருக்கைக்கு வந்திருந்தால் பரவாயில்லையா?

தாமிரபரணி:
பிடித்ததைச் சொன்னீர்கள், விட்டதைச் சொல்லவில்லையே. 2015-இல் வெளியான சேதி: அரசின் ஆட்களே மாறுவேடத்தில் போலி ஆயுதங்களோடு போய்ப் பார்த்தார்கள். 70 முறையில் 67 முறை உள்ளே போய்விட்டார்கள்!

வரிசையாகப் பாருங்கள். 2001 டிசம்பரில் ஒருவன் ஷூவில் வெடிமருந்து வைத்தான், ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். 2006-இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி, தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கினார்கள். 2009 கிறிஸ்துமஸ் அன்று ஒருவன் உள்ளாடையில் வைத்தான், உடலையே ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர்கள் பெருகின. திருடன் போன வழியில் மறுநாள் பூட்டுப் போடுகிறார்கள். ஷூக்காரனையும் உள்ளாடைக்காரனையும் மடக்கியது பயணிகளும் விமானப் பணியாளர்களும். லண்டன் சதியைக் கண்டுபிடித்தது உளவுத்துறை. வரிசையில் நின்று பெல்ட் கழற்றிய நாம் எதைக் கண்டுபிடித்தோம்?

மேகலை:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். 1996-இல் நான் முதல்முறை அமெரிக்கா போனபோது, உள்நாட்டு விமானத்திலிருந்து இறங்கிய வாசலிலேயே என் மகன் நின்றிருந்தான். டிக்கெட் இல்லாதவர்களும் அதுவரை வரலாம். அது போயே போய்விட்டது.

உங்கள் சண்டையில் இருவரும் கதவை மறந்துவிட்டீர்கள். உண்மையில் உருப்படியாக மாறியது விமானி அறையின் கதவுதான். முன்பெல்லாம் அது ஓங்கி உதைத்தால் திறந்துகொள்ளும் கதவு. கடத்தல்காரன் சொன்னபடி கேள், எப்படியாவது தரையிறக்கு என்பதே விமானிகளுக்குத் தந்த பயிற்சி. 2003-க்குள் குண்டு துளைக்காத, உள்ளிருந்து பூட்டும் கதவுகள் வந்தன. இனி எவனும் கத்தியைக் காட்டி விமானத்தை ஓட்டிவிட முடியாது.

கணக்குப்பிள்ளை:
கதவு சரிதான் அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கதவு 2015 மார்ச் 24-இல் என்ன செய்தது? ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் கேப்டன் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்துத் துணை விமானி உள்ளே பூட்டிக்கொண்டார். கேப்டன் தட்டினார், இடித்தார், திறக்கவில்லை. 150 பேரோடு விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. ஆகவே ஒரே ஒரு காவலை நம்பக் கூடாது. ஒன்று தவறினால் இன்னொன்று பிடிக்க வேண்டும். அதனால்தான் வரிசையும் வேண்டும் என்கிறேன்.

தாமிரபரணி:
மேகலை அம்மா சொன்ன கதவுக்கு நான் எதிரி இல்லை. அது யாரையும் குனிய வைக்கவில்லை, யார் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்படவில்லை. நான் சொல்வது வரிசையை. 2011-இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் அப்துல் கலாம் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகும் அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். பின்பு அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. அதில் எந்த உயிர் பிழைத்தது, கணக்குப்பிள்ளை ஐயா?

கணக்குப்பிள்ளை:
கலாம் விஷயத்தில் வாதாட மாட்டேன். அது வெட்கக்கேடு. ஆனால் அந்த 6,737 துப்பாக்கிகளுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மேகலை:
ஊறுகாயை அடுத்தமுறை பெரிய பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், தம்பி. திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற கணக்கெல்லாம் கைப்பைக்குத்தான்.